குமாரி ஜெயவர்தன

குமாரி ஜெயவர்தன (பிறப்பு: 1931, கொழும்பு) இலங்கை வரலாற்றாய்வாளரும் பெண்ணியவாதியும் ஆவார். இவருடைய தந்தை இலங்கையர், தாய் ஆங்கிலேயர். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார்.

'மூன்றாம் உலகில் பெண்ணியமும் தேசியமும்' (1986) என்னும் ஆங்கில நூலில், பெண்ணியம் மேற்கிலிருந்து இறக்குமதியான கருத்தன்று என இவர் வாதிடுகிறார். துருக்கி முதல் சப்பான் வரை, ஏகாதிபத்திய எதிர்ப்புப் போராட்டங்களோடு அது வளர்ந்ததைச் சான்றுகளுடன் காட்டுகிறார்.

'வெள்ளைப் பெண்ணின் மற்றொரு சுமை' (1995) என்னும் நூல், பிரித்தானிய ஆட்சிக்காலத் தெற்காசியாவில் செயற்பட்ட மேற்கத்தியப் பெண்களைப் பற்றியது. சென்னை அடையாறில் 1917 இல் இந்திய மாதர் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் அன்னி பெசண்ட், மார்கரெட் கசின்சு ஆகியோரும் இதில் இடம்பெறுகின்றனர். உள்நாட்டு மரபைப் போற்றிய வெள்ளைப் பெண்கள் தெய்வமாகக் கொண்டாடப்பட்டனர். குழந்தை மணத்தைச் சாடிய காத்தரின் மேயோ போன்றோர் தூற்றப்பட்டனர். ஆள்வோர் இனத்தில் பிறந்ததனாலேயே அனைவரும் ஆட்சியின் கருவிகளாகிவிடவில்லை என்பதை இந்நூல் உணர்த்துகிறது.