தி ஷீல்டு: திருடனாகிப்போன காவல்

'தி ஷீல்டு' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2002 மார்ச்சில் எஃப்எக்ஸ் அலைவரிசையில் தொடங்கி 2008 நவம்பரில் முடிந்தது, 7 பருவங்கள். உருவாக்கியவர் ஷான் ரயன். லாஸ் ஏஞ்சலிஸின் ராம்பார்ட் காவல் பிரிவில், ரவுடிக் கும்பல்களை ஒடுக்க வந்த போலீஸாரே பொய் வழக்கு, போதைப்பொருள் திருட்டு என்று சிக்கிய 1990களின் ஊழல்தான் கதைக்கு விதை.

ஃபார்மிங்டன் என்ற கற்பனை வட்டாரம். பழைய தேவாலயக் கட்டடத்தில் காவல் நிலையம். அங்குள்ள சிறப்புப் படையின் தலைவன் விக் மாக்கி. முதல் அத்தியாயத்தின் முடிவிலேயே, தன்னை வேவு பார்க்க வந்த சக போலீஸ்காரரை அவன் சுட்டுக் கொல்கிறான். அந்த ஒரு குண்டின் கணக்கு கடைசிவரை தீர்வதில்லை. ஒரு பொய்யை மறைக்க இன்னொரு பொய். படையிலுள்ள நண்பர்களே ஒருவரைக் கண்டு ஒருவர் அஞ்சத் தொடங்குகிறார்கள். குழந்தையைக் காப்பாற்றத் துடிக்கும் மாக்கியும் கொலைகார மாக்கியும் ஒரே ஆள் என்பதுதான் பார்ப்பவரை உலுக்குகிறது. அந்த வேடத்துக்காக மைக்கேல் சிக்லிஸ் 2002இல் எம்மி விருது பெற்றார்.

கையில் ஏந்திய 16 மி.மீ. கேமரா, செய்திப்படம் போன்ற பதற்றத்தைத் தருகிறது. நடிகர்கள் கிளென் குளோஸும் ஃபாரஸ்ட் விட்டேக்கரும் பிற்பருவங்களில் வந்தார்கள்.

முடிவு அசாதாரணமானது. தண்டனை விலக்கு ஒப்பந்தம் கையெழுத்தான பின், மாக்கி தன் குற்றங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். சிறை இல்லை. குடும்பமும் இல்லை, படையும் இல்லை. அலுவலக மேசை ஒன்று மட்டும்.