ரேம் மாத்தப் போறீங்களா? முதல்ல கேபினட்டைத் தொடுங்க!

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாலே வேர்த்துக் கொட்டும். ‘இந்த ஊர்ல ஸ்டாட்டிக்கா?’ என்று தோன்றலாம். ஆனால், நீங்கள் ரேம் மாற்றப்போவது பஸ் ஸ்டாண்டில் இல்லை, ஏசி அறையில். ஏசி காற்றின் ஈரத்தைக் குறைத்துவிடும். காய்ந்த காற்றில் ஸ்டாட்டிக் எனப்படும் நிலைமின்சாரம் உடம்பில் எளிதாகச் சேரும்.

மில் வேலை தெரிந்த மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. காற்று காய்ந்தால் பஞ்சில் ஸ்டாட்டிக் ஏறும், நூல் அறும். அதனால்தான் நூல் மில்களில் காற்றை ஈரமாக வைத்திருப்பார்கள்.

ஷாக்கே அடிக்கலையே?

அதுதான் சிக்கல். ஸ்டாட்டிக் ஷாக்கை நாம் உணரவே சுமார் 3,000 வோல்ட் வேண்டும். சில சிப்கள் பழுதாக 100 வோல்ட்கூட வேண்டாம். பழுதான பாகம் உடனே சாகும் என்றும் இல்லை. சில வாரம் ஓடிவிட்டு, முக்கியமான மீட்டிங் நடுவே ஹேங் ஆகலாம். ‘நல்லாத்தானே ஓடுச்சு’ என்று குழம்புவோம்.

என்ன செய்யணும்?

1. ஷட் டவுன் செய்து பிளக்கைக் கழற்றுங்கள். லேப்டாப் என்றால் உள்ளே பேட்டரி இணைப்பையும் எடுங்கள்.

2. பாகத்தைத் தொடும் முன் கேபினட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொடுங்கள். உங்கள் உடம்பும் கேபினட்டும் ஒரே மின் அளவுக்கு வந்துவிடும். நடுவில் எழுந்து போய் வந்தால், மறுபடியும் தொடுங்கள்.

3. ஆன்டி-ஸ்டாட்டிக் ரிஸ்ட் ஸ்ட்ராப் இன்னும் நல்லது. தோலில் படும்படி கட்டி, கிளிப்பை அதே உலோகத்தில் மாட்டுங்கள். அதிலுள்ள 1 மெகா ஓம் ரெசிஸ்டர் உங்கள் பாதுகாப்புக்கு. வெறும் ஒயரைக் கையில் கட்டும் ஐடியா வேண்டவே வேண்டாம்.

4. ரேம், எஸ்எஸ்டியை ஓரத்தில் பிடியுங்கள். தங்க நிறப் பட்டைகளில் விரல் படக்கூடாது. மாட்டும் வரை அது வந்த கவருக்குள்ளேயே இருக்கட்டும்.

இது ஸ்டாட்டிக் இல்லை!

ஸ்டாட்டிக் ஷாக் ஒருமுறை ‘சுருக்’கென்று அடித்து முடிந்துவிடும். பிளக்கில் இருக்கும்போது கேபினட்டைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் ‘ஜிவ்வு’னு இழுக்கிறதா? அது கரன்ட் கசிவு. வீட்டில் எர்த் சரியில்லை என்பதற்கான அடையாளம். மூணு ஓட்டை பிளக் பாயின்ட் இருந்தும் பின்னால் எர்த் ஒயரே இல்லாத வீடுகள் உண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ரேம் அப்புறம் மாத்திக்கலாம்.