சிட்னி ஃபார்பர்

சிட்னி ஃபார்பர் (செப்டம்பர் 30, 1903 – மார்ச் 30, 1973) அமெரிக்காவைச் சேர்ந்த குழந்தை நோயியல் அறிஞரும் குழந்தைப் புற்றுநோய் ஆய்வாளரும் ஆவார். பாஸ்டன் நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையிலும் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியிலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றினார். குழந்தைகளுக்கு ஏற்படும் குருதிப் புற்றுநோயை மருந்தின் மூலம் தற்காலிகமாகவேனும் தணிக்க முடியும் என்பதை 1948 ஆம் ஆண்டு முதன்முதலாக மெய்ப்பித்துக் காட்டினார். இதன் காரணமாக இவர் நவீன வேதிச்சிகிச்சையின் தந்தை எனக் குறிப்பிடப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

ஃபார்பர் நியூ யார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோருக்குப் பிறந்த பதினான்கு பிள்ளைகளில் இவர் மூன்றாமவர். மெய்யியல் அறிஞரான மார்வின் ஃபார்பர் இவருடைய தமையன் ஆவார். சிட்னி ஃபார்பர் 1923 இல் பஃபலோ பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார்.

அக்காலத்தில் அமெரிக்க மருத்துவப் பள்ளிகள் பல, யூத மாணவர்களைக் குறைந்த எண்ணிக்கையிலேயே சேர்த்துக்கொண்டன. எனவே ஃபார்பர் தமது மருத்துவக் கல்வியின் முதலாண்டை ஜெர்மனியில், ஹைடெல்பெர்க், ஃபிரைபுர்க் ஆகிய பல்கலைக்கழகங்களில் பயின்றார். அங்கு சிறப்பாகத் தேறியதால், ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் இடம் கிடைத்தது. 1927 இல் மருத்துவப் பட்டம் பெற்றார். கவிஞரும் சிறுவர் நூலாசிரியருமான நோர்மா ஃபார்பர் இவருடைய மனைவி ஆவார்.

நோயியல் பணி

பட்டம் பெற்றபின் பாஸ்டனின் பீட்டர் பென்ட் பிரிகாம் மருத்துவமனையில் நோயியலில் பயிற்சி பெற்ற ஃபார்பர், 1929 இல் குழந்தைகள் மருத்துவமனையின் முதல் முழுநேர நோயியல் அறிஞராகப் பொறுப்பேற்றார். அதே காலத்தில் ஹார்வர்டில் பயிற்றுநராகவும் அமர்ந்தார்.

நோயியல் அறிஞரின் பணி பெரும்பாலும் நோயாளிகளை நேரில் காணாத பணி. அறுவையில் எடுக்கப்பட்ட இழையங்களை நுண்ணோக்கியில் ஆராய்வதும், இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து இறப்பின் காரணத்தைக் கண்டறிவதும் அதில் அடங்கும். ஃபார்பர் இத்துறையில் தேர்ந்தவராக விளங்கினார். பிணப் பரிசோதனை முறைகளைப் பற்றி 1937 இல் ஒரு நூலை வெளியிட்டார். கணையத்தையும் நுரையீரலையும் தாக்கும் ஒரு பரம்பரை நோய், உடலின் பல உறுப்புகளில் சளி தடித்துப்போவதால் ஏற்படுவது என்று விளக்கி, அதற்கு மியூகோவிசிடோசிஸ் எனப் பெயரிட்டார். கொழுப்புப் பொருட்கள் இழையங்களில் சேர்வதால் உண்டாகும் அரிய பரம்பரை நோய் ஒன்று இவருடைய பெயரால் ஃபார்பர் நோய் என்றே அழைக்கப்படுகிறது.

குருதிப் புற்றுநோயால் இறந்த குழந்தைகளின் உடல்களையும் இவர் தொடர்ந்து பரிசோதித்து வந்தார். நாற்பதுகளின் நடுப்பகுதியில், உயிரோடிருக்கும் குழந்தைகளுக்குப் பயன்படும் மருந்தைத் தேடும் பணியில் இறங்கினார்.

ஆய்வின் பின்னணி

குருதி அணுக்கள் எலும்பு மச்சையில் உருவாகின்றன. குருதிப் புற்றுநோயில் முதிர்ச்சியடையாத வெண்குருதி அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகி மச்சையை நிறைத்துவிடுகின்றன. இதனால் செங்குருதி அணுக்களும் குருதித் தட்டுகளும் குறைந்து, சோகை, குருதிப் பெருக்கு, தொற்றுநோய்கள் ஆகியவை ஏற்படும். நாற்பதுகளில் இந்நோயின் கடிய வகைக்கு ஆளான குழந்தைகள் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் இறந்தனர். கட்டியாக இராமல் உடலெங்கும் பரவி நிற்பதால் இந்நோய்க்கு அறுவைச் சிகிச்சை பயன்படவில்லை. குருதி ஏற்றுதல் சிறிது காலத்துக்கு மட்டுமே உதவியது.

புற்றுநோய்க்கு வேதிப்பொருளைப் பயன்படுத்தும் எண்ணம் ஃபார்பருக்கு முன்பே தோன்றியிருந்தது. யேல் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் நைட்ரஜன் மஸ்டர்டு என்னும் பொருள் நிணநீர்ப் புற்று நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டது. ஃபார்பர் பின்பற்றிய வழி வேறு. அது ஒரு வைட்டமினிலிருந்து தொடங்கியது.

ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்ஸ் 1928 முதல் மும்பையில் கருவுற்ற பெண்களின் சோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அச்சோகையைக் குணப்படுத்துவதை அவர் கண்டார். அச்சாற்றில் இருந்த பொருள் பின்னர் ஃபோலிக் அமிலம் என அடையாளம் காணப்பட்டது. உயிரணுக்கள் பிரியும்போது டி.என்.ஏ. உருவாவதற்கு இது இன்றியமையாதது. ஆகவே மச்சை இயல்பாக இயங்க ஃபோலிக் அமிலம் தேவை.

இவ்வகைப் பொருட்களைச் செயற்கையாகத் தயாரித்தது லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடம். அங்கு ஆய்வுக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த இவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1923 இல் பாஸ்டன் சென்றவர். ஹார்வர்டில் உயிர்வேதியியல் ஆய்வுகளில் ஈடுபட்டிருந்தும் அங்கு நிரந்தரப் பதவி கிடைக்காமல் 1940 இல் லெடர்லியில் சேர்ந்தார்.

1947–1948 ஆய்வு

ஃபார்பர் முதலில் ஃபோலிக் அமிலத்தைச் சார்ந்த சில சேர்மங்களை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளிடம் அவை நோயைத் தணிப்பதற்கு மாறாக விரைவுபடுத்துவதாக அவர் கருதினார். இந்தத் தோல்வியிலிருந்தே அடுத்த வினா எழுந்தது. ஃபோலிக் அமிலம் நோய் அணுக்களை வளர்க்குமெனில், அதன் செயலைத் தடுக்கும் பொருள் அவற்றை ஒடுக்கக்கூடும் அல்லவா?

சுப்பாராவின் குழு ஃபோலிக் அமிலத்தை ஒத்த அமைப்புடைய, ஆனால் அதன் வேலையைச் செய்யாத சேர்மங்களை உருவாக்கியிருந்தது. பூட்டில் நுழைந்தும் திறக்காத போலிச் சாவிக்கு இவற்றை ஒப்பிடலாம். இவற்றுள் ஒன்றான அமினாப்டெரின் ஃபார்பருக்கு அனுப்பப்பட்டது. 1947 டிசம்பர் இறுதியில் இரண்டு வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது செலுத்தப்பட்டது. வெண்குருதி அணுக்களின் எண்ணிக்கை குறைந்தது; வீங்கியிருந்த மண்ணீரல் சுருங்கியது; நடக்க இயலாதிருந்த குழந்தை மீண்டும் நடந்தான். எனினும் நோய் திரும்பி வந்தது. அச்சிறுவன் 1948 இல் இறந்தான்.

ஆய்வின் முடிவுகள் 1948 சூன் 3 அன்று நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயின. லூயிஸ் டயமண்ட் உள்ளிட்ட நால்வர் உடன் ஆசிரியர்களாக இருந்தனர். சிகிச்சை பெற்ற 16 குழந்தைகளில் 10 பேரிடம் முன்னேற்றம் காணப்பட்டது. இவர்களில் பலர் சிகிச்சை தொடங்கும்போதே இறக்கும் நிலையில் இருந்தவர்கள்.

கட்டுரையின் தலைப்பிலேயே நோய்த்தணிவு தற்காலிகமானது என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. மருந்து நச்சுத்தன்மை உடையது என்றும், இதனைக் குணம் எனக் கூற ஆதாரம் எதுவும் இல்லை என்றும் ஆசிரியர்கள் தெளிவாக எழுதினர். சுப்பாராவ் அதே ஆண்டு ஆகஸ்டில் காலமானார்.

எதிர்ப்பும் விமர்சனமும்

இம்முடிவுகளைப் பல மருத்துவர்கள் ஐயத்துடனேயே நோக்கினர். பிழைக்க வழியில்லாத குழந்தைகளை அமைதியாக இறக்க விடாமல், நச்சு மருந்தால் துன்புறுத்துவது முறையா என்பது அவர்களுடைய கேள்வி. இது புறக்கணிக்கத்தக்க கேள்வி அன்று. அமினாப்டெரின் வாய்ப்புண்களையும் குருதிப் பெருக்கையும் உண்டாக்கியது. கிடைத்த காலமோ சில மாதங்கள் மட்டுமே. ஆய்வுக்கு உட்படுவோரிடம் எழுத்துமூலம் ஒப்புதல் பெறும் இன்றைய நடைமுறைகளும் அப்போது உருவாகியிருக்கவில்லை. மறுபுறம், மருந்தால் நோயைப் பின்வாங்கச் செய்ய முடியும் என்பது மச்சையின் மாற்றங்கள் மூலம் முதன்முறையாக உறுதியானது. இதன்பின் வினா, நோய்க்கு மருந்து உண்டா என்பதிலிருந்து, தணிவை எவ்வாறு நீட்டிப்பது என்பதாக மாறியது.

ஜிம்மி நிதியம்

ஃபார்பர் 1947 இல் குழந்தைகள் புற்றுநோய் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். இதற்கு நிதி திரட்ட 1948 மே 22 அன்று ஒரு வானொலி நிகழ்ச்சி ஒலிபரப்பானது. அதில் ஐனர் குஸ்டாஃப்சன் என்னும் 12 வயதுச் சிறுவன், அடையாளத்தை மறைக்க ஜிம்மி என்ற பெயரில் அறிமுகப்படுத்தப்பட்டான். பாஸ்டன் பிரேவ்ஸ் பேஸ்பால் அணியினர் மருத்துவமனை அறைக்கே வந்து அவனைச் சந்தித்தனர். இதன் பயனாக 2 இலட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. குடலில் நிணநீர்ப் புற்று கண்டிருந்த அச்சிறுவன் பிழைத்து, 1998 இல் தாமே ஜிம்மி என வெளிப்படுத்திக்கொண்டார். 2001 இல் காலமானார்.

திரட்டிய நிதியால் எழுந்த ஜிம்மி நிதியக் கட்டடம் 1952 இல் திறக்கப்பட்டது. முழுமையான பராமரிப்பு என்னும் கொள்கையை ஃபார்பர் இங்கு செயல்படுத்தினார். மருத்துவம், உளவியல் துணை, குடும்பத்தின் பொருளாதாரத் தேவைகள் ஆகிய அனைத்தும் ஒரே இடத்தில், ஒரே குழுவினால் கவனிக்கப்பட வேண்டும் என்பதே அது.

வில்ம்ஸ் கட்டி ஆய்வு

ஐம்பதுகளில் ஃபார்பரின் குழு ஆக்டினோமைசின் டி என்னும் மருந்தை, குழந்தைகளின் சிறுநீரகத்தில் தோன்றும் வில்ம்ஸ் கட்டிக்குப் பயன்படுத்தியது. செல்மன் வாக்ஸ்மன் மண்ணில் வாழும் நுண்ணுயிரிலிருந்து கண்டறிந்த ஆக்டினோமைசின் குடும்பத்தைச் சேர்ந்தது இம்மருந்து. அறுவைச் சிகிச்சை, கதிரியக்கச் சிகிச்சை ஆகியவற்றுடன் இது சேர்க்கப்பட்டபோது, குணமடைவோர் விகிதம் சுமார் 40 விழுக்காட்டிலிருந்து 85 விழுக்காடாக உயர்ந்தது.

பொதுப்பணி

மேரி லாஸ்கர் என்னும் சமூகப் பணியாளருடன் இணைந்து, புற்றுநோய் ஆய்வுக்கு அரசு நிதி வேண்டி ஃபார்பர் அமெரிக்கக் காங்கிரசு குழுக்களின் முன் பலமுறை சாட்சியமளித்தார். நோயின் அடிப்படைகள் முழுவதும் விளங்கும்வரை சிகிச்சையைத் தேடாமல் காத்திருக்க இயலாது என்பது அவருடைய வாதம். அடிப்படை அறிவியலாளர் பலர் இதனை ஏற்கவில்லை. இம்முயற்சிகளின் தொடர்ச்சியாக 1971 டிசம்பர் 23 அன்று தேசியப் புற்றுநோய்ச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் நிக்சன் கையெழுத்திட்டார்.

விருதும் மறைவும்

ஃபார்பருக்கு 1966 இல் மருத்துவ ஆய்வுக்கான லாஸ்கர் விருது வழங்கப்பட்டது. 1973 மார்ச் 30 அன்று பாஸ்டனில் மாரடைப்பால் காலமானார். அவர் நிறுவிய ஆய்வு நிலையம் 1974 இல் அவருடைய பெயரைப் பெற்றது. 1983 முதல் டானா-ஃபார்பர் புற்றுநோய் நிறுவனம் என வழங்கப்படுகிறது.

தாக்கம்

அமினாப்டெரினுக்குப் பதிலாக அதனை ஒத்த மெத்தோட்ரெக்சேட் ஐம்பதுகளில் பயன்பாட்டுக்கு வந்தது. அது இன்றும் குழந்தைகளின் குருதிப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இடம்பெறுகிறது. ஒரு மருந்தால் நோய் திரும்புவதைத் தடுக்க இயலாததால், அறுபதுகளில் பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை தோன்றியது. ஃபார்பரிடம் பணியாற்றியவரும் பஃபலோவில் பிறந்தவருமான டொனால்ட் பிங்கல், மெம்ஃபிஸ் நகரின் புனித ஜூட் மருத்துவமனையில் மூளை, தண்டுவடம் ஆகியவற்றுக்கான சிகிச்சையையும் சேர்த்தார். அதன்மூலம் ஏறத்தாழப் பாதிக் குழந்தைகள் நீண்டகாலம் நோயின்றி வாழ முடிந்தது.

கடிய நிணநீர்க் குழியக் குருதிப் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவில் இன்று வளர்ந்த நாடுகளில் பிழைக்கின்றனர். மருந்துகளும் தொடர் பராமரிப்பும் எளிதில் கிடைக்காத நாடுகளில் இவ்விகிதம் மிகக் குறைவாகவே உள்ளது.