டாம்சல் மீன்: முதலில் விடலாமா, கடைசியில் விடலாமா?

உப்புநீர் மீன்தொட்டி வைக்கப் புதிதாக முனைபவர்களுக்குக் கடைகளில் முதலில் காட்டப்படுவது பெரும்பாலும் டாம்சல் மீன்கள்தான். உடல் முழுக்க நீலமாக மின்னும் புளூ டெவில், வால் மட்டும் மஞ்சளான யெல்லோடெயில், வெள்ளை உடலில் மூன்று கறுப்புப் பட்டைகள் கொண்ட ஹம்பக், கறுப்பு உடலில் மூன்று வெள்ளைப் புள்ளிகள் வைத்த டாமினோ என வகைகள் பல. எல்லோரும் அறிந்த கோமாளி மீனும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். டாம்சலுக்கு விலை குறைவு, போட்டதைத் தின்னும், தண்ணீர் சற்று முன்னே பின்னே இருந்தாலும் தாங்கும். இவை எல்லாமே உண்மை. ஆனால் வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்க இவை மட்டும் போதாது. ஒரு வருடம் கழித்து அந்தத் தொட்டியில் வேறு எந்தெந்த மீன்கள் இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

டாம்சல்களுக்கு ‘ஆரம்ப மீன்’ என்ற பெயர் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. புதுத் தொட்டியில் மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியா உண்டாகும். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத நைட்ரேட்டாக மாற்றும். இந்த பாக்டீரியாக்கள் கல்லிலும் மணலிலும் பில்டரிலும் போதிய அளவு பெருக நான்கிலிருந்து ஆறு வாரங்கள் வரை ஆகும். தொட்டி ‘சைக்கிள்’ ஆகிறது என்று மீன் வளர்ப்பவர்கள் சொல்வது இதைத்தான். அந்த பாக்டீரியாக்களுக்குத் தீனியாக அம்மோனியா வேண்டும் என்பதற்காக, முரட்டு மீன் எனப் பெயர் வாங்கிய டாம்சலை முதலில் விடும் வழக்கம் உண்டானது.

இந்த வழக்கத்தைக் கைவிடுவதே சரி. கடல்நீரின் pH அளவு 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், நன்னீரில் உள்ளதைவிட அதில் அம்மோனியாவின் நச்சு வடிவம் அதிகம். மீனின் செவுள் அதில் வெந்துபோகும். டாம்சல் அதைத் தாங்கிக்கொள்கிறது என்பதால் அதற்கு வலிக்கவில்லை என்று ஆகிவிடாது. தவிர, தொட்டி சைக்கிள் ஆக மீன் தேவையே இல்லை. அம்மோனியம் குளோரைடைச் சிறிதளவு கரைத்து ஊற்றலாம். இறால் துண்டு ஒன்றைப் போட்டு அழுகவிட்டாலும் அதே வேலை நடக்கும். சோதனைக் கருவியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும் வரை காத்திருந்து, பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை வாங்கலாம். தொட்டிக்குக் கல் தேடும்போது மட்டும் கவனம் தேவை: இந்தியாவில் கடினப் பவளங்கள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து பவளக்கல் எடுத்துவருவது குற்றம்.

அடுத்தது குணம். பவளத்திட்டில் டாம்சல் தனக்கென ஒரு சிறு இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஹம்பக்குக்குக் கிளைவிட்ட ஒரே ஒரு பவளக்கொத்து போதும். சில வகைகள் பாசி வளரும் திட்டைத் தோட்டம்போல் காத்து, வந்து மேயும் மீன்களை விரட்டும். பெண் மீன் முட்டையிட்ட பிறகு ஆண் மீன் முட்டைகளின் அருகில் எதையும் அண்டவிடாது. முக்குளிப்பவரின் விரலைக்கூடக் கொத்தும். கடலில் தோற்ற மீன் நாலு முழம் தள்ளிப் போய்விடலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் அதற்குப் போக்கிடம் இல்லை.

முதலில் வந்த டாம்சலுக்குத் தொட்டி முழுதுமே சொந்த இடமாகிவிடும். பிறகு வரும் சாதுவான மீன் மேல் மூலையில் பம்பின் அருகே ஒதுங்கி நிற்கும். அதன் வால் துடுப்பு கந்தலாகும். தீனி போட்டாலும் இறங்கி வராது. சில நாட்களில் செத்து மிதக்கும். டாமினோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடையில் நாணயம் அளவுக்கு இருக்கும் இந்த அழகுக்குட்டி வளர்ந்தால் 14 சென்டிமீட்டர் வரை போகும். வெள்ளைப் புள்ளிகள் மங்கி உடல் சாம்பல் நிறமாகும். அதன் மூர்க்கமும் கூடவே வளரும். சிறியதாக இருக்கும்போது அடங்கியிருந்தது என்பதை நம்பி வாங்கக் கூடாது.

பிடிக்காவிட்டால் எடுத்துவிடலாம் என்ற நினைப்பும் எளிதில் பலிக்காது. கல் அடுக்கிய தொட்டியில் டாம்சலை வலையால் பிடிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு பொந்தும் அதற்கு அத்துப்படி. பெரும்பாலும் கல்லையெல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் அது சிக்கும். தீனி வைத்த பொறி சில சமயம் உதவும். அதற்கும் பொறுமை வேண்டும்.

ஆக, கோபி, பையர்பிஷ் போன்ற சாதுவான மீன்களை வளர்க்க ஆசைப்படுபவர் டாமினோவையும் ஹம்பக்கையும் தொடாமலிருப்பது நல்லது. நீல நிறம் வேண்டும் என்றால் யெல்லோடெயில் ஒன்றை மட்டும் வைக்கலாம். சுமார் ஏழு சென்டிமீட்டரோடு நின்றுவிடும் அது இந்தக் குடும்பத்தில் ஓரளவு பொறுமைசாலி. அதையும் மற்ற மீன்கள் எல்லாம் குடியேறிய பிறகு கடைசியாக விட வேண்டும். விடுவதற்கு முன் கற்களை இடம் மாற்றி வைத்தால், பழைய மீன்களும் தங்கள் இடத்தைப் புதிதாகத் தேட வேண்டியிருக்கும், சண்டை குறையும். டாம்சலே போதும், அதன் துடிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாலே போதும் என்பவருக்கு வேறு வழி உண்டு. பொந்துகள் நிறைந்த பெரிய தொட்டி ஒன்றை அதற்கென்றே ஒதுக்கி, அதன் முரட்டுத்தனத்தைத் தாங்கும் மீன்களை மட்டும் துணைக்கு வைக்கலாம். நன்றாகப் பராமரித்தால் பல ஆண்டுகள் வாழும்.

வேண்டாத மீனைக் கடை திரும்ப எடுத்துக்கொள்ளுமா என்று வாங்கும் அன்றே கேட்டுவிடுவது நல்லது. எடுக்க மறுத்தாலும் கடலில் கொண்டுபோய் விடக் கூடாது. தொட்டியிலிருந்து போகும் நோய் அங்கே இருக்கும் மீன்களுக்குத் தொற்றும். வேற்றுக் கடலிலிருந்து வந்த வகையாக இருந்தால் கெடுதல் இன்னும் அதிகம்.