குசினிக் கிரைண்டரும் பழைய ரிமோட் காரும்

குசினியில் கிரைண்டர் இருக்கிற வீட்டில் ரிமோட் காரின் பாதி ஏற்கெனவே இருக்கிறது. செத்தல் மிளகாயைப் போட்டு மூடியை அழுத்திப் பிடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அடிப்பெட்டிக்குள் கரண்ட் சுழற்சியாக மாறுகிறது. சுழற்சி ஒரு சின்னப் பிளாஸ்ரிக் இணைப்பைத் தாண்டி மேலே போகிறது. மேலே அலகு சுற்றி அரைக்கிறது. காரிலும் வரிசை அதுவேதான்: பற்றறி, மோட்டர், பற்சக்கரம், சில்லு.

கிரைண்டரைக் கழுவும்போது நம் கை தானாக ஒரு பிரிவினை செய்கிறது. ஜாரைச் சவர்க்காரம் போட்டு அலசுகிறோம். அடிப்பெட்டியை ஈரத்துணியால் துடைப்பதோடு விட்டுவிடுகிறோம். ஆனால் அதே கை, பழைய ரிமோட் கார் ஒன்றைக் கண்டதும் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் ஒரு வாளி தண்ணீரை அப்படியே கவிழ்க்கும். இல்லாவிட்டால் மண்ணெண்ணெயில் தோய்த்து எடுக்கும். பழைய கார்கள் ஓடித் தேய்ந்து சாவதைவிட, துப்புரவு செய்யப்பட்டுச் சாவதுதான் அதிகம் என்பது என் அபிப்பிராயம். எது ஜார், எது அடிப்பெட்டி என்று பிரித்துக்கொண்டால் வேலை பாதி முடிந்த மாதிரி.

வன்னியில், மல்லாவிப் பக்கம் இந்தக் கார்கள் வந்து சேர்வது பெரும்பாலும் பார்சல் பெட்டியில். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கிற மாமா, தன் பிள்ளைகள் வளர்ந்து கைவிட்டதை உடுப்புகளுக்கும் சொக்லேற்றுக்கும் நடுவில் செருகிக் கப்பலில் போட்டுவிடுகிறார். பெட்டி திறந்ததும் வீட்டுப் பிள்ளைகள் செய்யும் முதல் வேலை சார்ஜரைச் சுவரில் சொருகுவது. முதல் ஆபத்தும் அங்கேதான். கனடாவில் வீட்டுக் கரண்ட் 120 வோல்ற், இங்கே 230. பழைய சார்ஜர்களுக்குள் இருக்கும் கனமான டிரான்ஸ்போமர் 120க்கு மட்டுமே சுற்றப்பட்டது. பிளக்கின் வடிவத்தை மாற்றுகிற துண்டு கடையில் வாங்கலாம், அது வோல்ற்றை மாற்றாது. சார்ஜரின் முதுகில் 100–240 என்று அச்சிட்டிருந்தால் பயமில்லை. 120 மட்டும் இருந்தால் அது பெட்டிக்குள்ளேயே கிடக்கட்டும். ஐரோப்பாவிலிருந்து வருகிறவற்றில் இந்தத் தொல்லை இல்லை, அங்கேயும் 230தான்.

பற்றறியைத் தொடுமுன் ஒரு முறை உற்றுப் பாருங்கள். ரிமோட்டுக்குள் மறந்துபோன சாதாரண பென்ரோர்ச் பற்றறி கசிந்து வெள்ளைப் பொடியாகப் பூத்திருக்கும். அது அல்கலைன் வகைப் பற்றறியின் காரம்; பொற்றாசியம் ஐதரொட்சைட்டு கசிந்து, காற்றுப் பட்டுக் காபனேற்றாக மாறியது. காரத்துக்கு மருந்து புளிப்பு. பஞ்சில் தொட்ட வினாகிரி, அல்லது தேசிக்காய்ச் சாறு இரண்டு துளி. பொடி நுரைத்துக் கரைந்ததும் ஈரத்துணியால் துடைத்து, மருந்துக்கடை ஐசோபுரோபைல் அற்ககோலால் முடித்து, உலர விட வேண்டும். தேசிக்காய்ச் சாற்றை அப்படியே விட்டுவிட்டால் அதுவே செம்பை அரிக்கத் தொடங்கும். கைகழுவும் ஜெல்லை அற்ககோலுக்குப் பதிலாகப் பாவிக்கக் கூடாது. அதில் கிளிசரின் கலந்திருப்பதால் ஒட்டும்.

காருக்குள் இருப்பது பழைய நிக்கல் பற்றறி என்றால், 1.2 வோல்ற் கொண்ட ஆறு கலங்கள் சேர்ந்து 7.2. வருடக்கணக்காகச் சும்மா கிடந்தாலும் இரண்டு மூன்று சார்ஜில் ஓரளவு உயிர் வரலாம். லிதியம் பொலிமர் வகை அப்படியல்ல. தட்டையான பொதி ஊதிப் பருத்திருந்தால் அதற்குச் சார்ஜ் காட்டவே கூடாது, ஊசியால் குத்திப் பார்க்கவும் கூடாது. நம் வளவுகளில் பின்னேரம் குப்பையைக் கூட்டிக் கொளுத்துகிற வழக்கம் இருக்கிறதே, அந்தக் குவியலுக்குள் இது போகவே கூடாது. ஒரு மணல் வாளிக்குள் போட்டு, வீட்டிலிருந்து தள்ளி, பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

இனி மோட்டர். இதில்தான் கிரைண்டர் நல்ல ஆசிரியர்.

இரண்டுக்குள்ளும் செம்புக் கம்பி சுற்றிய உருளை ஒன்று சுழல்கிறது. சுழல்கிற பொருளுக்குக் கரண்ட் கொடுப்பது எப்படி? கம்பியைப் பற்றவைத்தால் முறுக்கிக்கொள்ளும். ஆகவே அச்சில் செம்புத் துண்டுகளைப் பதித்து, அவற்றின்மேல் இரண்டு காபன் கட்டைகளை உரசவிடுகிறார்கள். உருளை திரும்பத் திரும்பக் கட்டை அடுத்த துண்டுக்கு மாறும், கரண்ட் திசை மாறும், சுழற்சி தொடரும். பொழுதுபோக்குக் கார்களில் மிகப் பரவலான 540 வகை மோட்டரில் இந்தச் செம்புத் துண்டுகள் மூன்றே மூன்று. கிரைண்டரில் பல. உழுந்து அரைக்கும்போது அடிப்பெட்டியின் காற்றுத் துளையில் நீலப் பொறி தெரிவது இந்த உரசல்தான்.

வேறுபாடு காந்தத்தில். கிரைண்டரில் காந்தமும் கம்பிச் சுருள்தான். வீட்டுக் கரண்ட் நொடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் அலையும்போது சுருளும் உருளையும் சேர்ந்தே திசை மாறுகின்றன. அதனால் சுழற்சி எப்போதும் ஒரே பக்கம். காரின் மோட்டரில் நிலையான காந்தம் ஒட்டப்பட்டிருக்கிறது. கரண்டின் திசையை மாற்றினால் உருளை மட்டும் மாறும், சுழற்சி தலைகீழாகும். கார் பின்னால் போவது இதனால். கிரைண்டர் ஒருநாளும் பின்னால் சுற்றாததும் இதனால்.

முன்பு வீடுகளில் ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கும்போது கிரைண்டரைப் போட்டால் கரகரவென்று பாட்டு கெட்டுப்போகும். காபன் பொறி தானே ஒரு சின்ன ரேடியோ நிலையம் மாதிரி இரைச்சலை ஒலிபரப்புகிறது. ரிமோட் காரோ ரேடியோ சொல்வதைக் கேட்டு ஓடுகிற வண்டி; அதன் மோட்டரே பக்கத்தில் நின்று இரைந்தால் என்ன ஆகும்? அதற்காகத்தான் மோட்டரின் தகர உடம்பில் சின்னக் கொண்டென்சர்களைப் பற்றவைத்திருப்பார்கள், அநேகமாக மூன்று. பழைய கார் காரணமில்லாமல் துள்ளினால், நடுங்கினால், ரிமோட்டைக் குறை சொல்லுமுன் இந்த மூன்றில் ஒன்று கால் முறிந்து தொங்குகிறதா என்று பாருங்கள். ரேடியோ திருத்துகிற எவரும் சில நிமிடத்தில் பற்றவைத்துத் தருவார்.

மோட்டரைத் துப்புரவாக்குவது சுலபம், பொறுமைதான் வேண்டும். உலர்ந்த தூரிகையால் துளைகளைச் சுற்றித் தூசியை எடுத்து, காற்றூதி, தேவையென்றால் அற்ககோலைக் கொஞ்சம் விட்டு உலர விடுங்கள். அச்சு வெளியே வருகிற இரண்டு முனைகளிலும் மெல்லிய இயந்திர எண்ணெய், ஒவ்வொன்றுக்கும் ஒரு துளி. தையல் மெசின் எண்ணெய் போதும். அந்தத் துளி உள்ளே வழிந்து செம்புத் துண்டில் பட்டால் காபன் தூளோடு குழைந்து கறுப்புக் களிம்பாகி, துண்டுக்குத் துண்டு கரண்ட் பாயும், மோட்டர் சூடேறும். கிரைண்டரில் தேய்ந்த காபனை மாற்றலாம். சாதாரண வெள்ளித் தகர 540இல் மாற்ற முடியாது, மோட்டரையே மாற்ற வேண்டும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, காரின் மலிவான உறுப்புகளில் அதுவும் ஒன்று.

மண்ணெண்ணெய் பற்றிச் சொல்லாமல் போனால் வன்னிக்காரர் கேட்கமாட்டார்கள். 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் பற்றறி தடைசெய்யப்பட்ட பொருள், பெற்றோலுக்கு வழியில்லை. மிதிக்கிற சைக்கிளின் டைனமோவில் ரேடியோ பேசியது. துளி பெற்றோலில் உறுமி எழுந்த மோட்டர் சைக்கிள்கள் பிறகு மண்ணெண்ணெயில் ஓடின. கிளிநொச்சி 1996இல் போரில் கைமாறிய பிறகு சனமும் அலுவலகங்களும் மல்லாவிக்கு நகர்ந்த அந்த வருடங்களில், எந்தப் பழுதுக்கும் முதல் வைத்தியம் மண்ணெண்ணெயில் ஊறப்போடுவதாக இருந்தது. இரும்புக்கு அது நல்ல வைத்தியம், இன்றைக்கும்தான். சங்கிலியையும் உருக்குப் பேரிங்கையும் அதில் கழுவலாம். ஆனால் ரிமோட் கார் பெரும்பாலும் இரும்பில்லை. ரப்பர் ரயர் மண்ணெண்ணெயில் ஊதும். பெயின்ற் தின்னரும் அசற்றோனும் இன்னும் மோசம். காரின் அடிச்சட்டத்து ஏபிஎஸ் பிளாஸ்ரிக் இளகிப் பிசுபிசுக்கும், மேல்மூடியின் பொலிகாபனேற் வெளுத்து வெடிக்கும். திறமை அதேதான், பொருள் மாறிவிட்டது.

அடுத்தது பற்சக்கரப் பெட்டி. கிரைண்டருக்கு வேகம் வேண்டும், ஆகவே அலகு மோட்டரின் வேகத்திலேயே சுற்றுகிறது. காருக்குத் தள்ளும் பலம் வேண்டும். நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுற்றுகிற மோட்டரைச் சின்னச் சக்கரத்திலிருந்து பெரிய சக்கரத்துக்கு மாற்றி மாற்றி, வேகத்தைக் கொடுத்துப் பலத்தை வாங்குகிறார்கள். பல்லுக்குப் பல் கடிக்கிற அந்த இடத்தில்தான் நம் கிரவல் ரோட்டுச் செம்புழுதி குந்தியிருக்கும். எண்ணெயும் மணலும் சேர்ந்தால் அதுவே ஒரு அரைக்கிற விழுது, பற்களைத் தின்றுவிடும். ஆகவே பழைய கிறீஸின்மேல் புதுக் கிறீஸ் போடுவது தவறு. திறந்து, பழையதை முழுக்க வழித்து, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பிறகு பற்களில் மெல்லப் பூசும் அளவுக்கு வெள்ளை லிதியம் கிறீஸ்.

சமையல் எண்ணெய் விடலாமா என்று கேட்பவர்களைக் குசினி அடுப்புக்கு மேலே இருக்கிற தட்டைத் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலில் ஒட்டுகிற அந்தப் பிசின், காற்றில் கிடந்த எண்ணெய்தான். தேங்காய் எண்ணெய் அவ்வளவு ஒட்டாது, ஆனால் 24 பாகையளவில் உறையத் தொடங்கும். மார்கழி விடியலில் கார் ஏன் முனகுகிறது என்று பிறகு தலையைச் சொறிய வேண்டியதுதான்.

கிரைண்டரில் ஜாருக்கும் அடிப்பெட்டிக்கும் நடுவே பிளாஸ்ரிக் இணைப்பு ஒன்று இருக்கிறதல்லவா? அலகு இறுகினால் முதலில் உடைவது அது. மலிவாக உடைந்து மோட்டரைக் காப்பாற்றத்தான் அங்கே இருக்கிறது. காரில் அந்தப் பதவி முன்சில்லுத் திருப்பத்தில், சேர்வோ சேவர் என்ற ஸ்பிறிங் உறுப்புக்கு. கார் பூவரசில் மோதும்போது அடி, சில்லைத் திருப்புகிற சேர்வோ மோட்டரின் நுண்ணிய பற்களுக்குப் போகாமல் அது வளைந்து கொடுக்கும். முன்சில்லு நேராக நில்லாமல் தளர்ந்து ஆடுகிற பழைய கார்களில் அநேகம் பழுதானது இது ஒன்றுதான். சேர்வோவே போய்விட்டது என்று முடிவு கட்ட அவசரப்படாதீர்கள்.

இத்தனையும் கழற்ற முடிகிற காருக்குத்தான் பொருந்தும். பார்சலில் வருகிறவற்றில் விளையாட்டுச் சாமான் வகையும் உண்டு, பொழுதுபோக்கு வகையும் உண்டு. முதல் வகையில் எல்லாமே ஒரே பலகையில். ரிமோட் தொலைந்தால் கதை முடிந்தது. இரண்டாவதில் ரேடியோ றிசீவர், வேகக் கட்டுப்படுத்தி, சேர்வோ மூன்றும் தனித்தனிப் பெட்டிகள், தனித்தனி வயர்கள். ரிமோட் இல்லாமல் வந்தாலும் புதிய 2.4 கிகாஹேட்ஸ் சோடி ஒன்றைப் பொருத்திவிடலாம்.

அந்த வகை இப்படி இருப்பதற்குக் காரணம் அது பிறந்த விதம். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து தமியா நிறுவனம், ஒட்டிச் சேர்க்கிற மாதிரி வண்டிகளுக்குப் பேர்போனது. 1976இல் அது போர்ஷே 934 காரை 12இல் ஒரு பங்கு அளவில் ரேடியோவால் ஓடும்படி வெளியிட்டது. 1984இல் கிராஸ்ஹொப்பரும் ஹோர்னெட்டும் வந்தன. பெட்டிக்குள் ஓடத் தயாரான கார் இல்லை. உதிரிகளும் படம் போட்ட கைநூலும்தான். வாங்கினவரே பூட்ட வேண்டும். பூட்டினது கழற்ற வரும்தானே. இந்த இரண்டையும் 2000களின் நடுவில் நிறுவனம் மறுபடி வெளியிட்டதால், நாற்பது வருடப் பழைய காருக்கும் இன்று உதிரி வாங்கலாம். திருப்புமுன் ஒன்று: ஜப்பானியத் திருகாணியின் சிலுவை வெட்டு நம் சாதாரண ஸ்குறூட்றைவரின் நுனிக்கு முழுதாகப் பொருந்தாது. அழுத்திப் பிடிக்காமல் திருப்பினால் தலை வழுகிவிடும்.

மேல்மூடி பற்றிச் சொல்ல அதிகமில்லை. பொலிகாபனேற் மூடிக்கு நிறம் உட்பக்கமாகத்தான் தீட்டப்பட்டிருக்கும், ஆகவே வெளிக் கீறல் நிறத்தை எடுக்காது. வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீர், மெல்லிய துணி, அவ்வளவுதான். சில்லு, ரயர், அடிச்சட்டம் எல்லாமே ஜார் பக்கம். அவற்றைப் பழைய பற்தூரிகையால் தேய்த்துக் கழுவலாம், மின்சாரப் பெட்டிகளை வெளியே எடுத்த பிறகு. உலர்த்துவது நிழலில்.

திரும்பப் பூட்டும்போது பிளாஸ்ரிக் துளைக்குள் திருகாணியை வைத்து முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற பக்கமாக, மெல்லத் திருப்புங்கள். ஒரு இடத்தில் ‘டிக்’ என்று இறங்கும். பழைய புரி அங்கே இருக்கிறது. அங்கிருந்து வலப்பக்கம் திருப்பினால் அதே தடத்தில் போகும். நேரே அழுத்தி முறுக்கினால் புதுத் தடம் வெட்டி, இரண்டு மூன்று தரத்தில் துளை தளர்ந்துவிடும்.

ஓட்டிப் பார்க்குமுன் காரை ஒரு பேணியின்மேல் ஏற்றி, சில்லுகள் நிலத்தில் படாமல் வையுங்கள். முதலில் ரிமோட்டைப் போட வேண்டும், பிறகுதான் காரை. கார் முதலில் விழித்தால், முக்கியமாகப் பழைய 27 மெகாஹேட்ஸ் வகையில், வெறும் இரைச்சலைக் கட்டளை என்று எடுத்துக்கொண்டு முழு வேகத்தில் பாயும். நிறுத்தும்போது முறை மாறும்: கார் முதலில், ரிமோட் கடைசியில்.