ஒப்பீட்டுச் சமூகக் கொள்கையும் ஒரு கோடைக்காலப் படிப்பும்

பசி, நோய், முதுமை, வேலையின்மை ஆகியவை குடும்பங்களைத் தாக்கும்போது அரசு என்ன செய்கிறது, யாருக்குச் செய்கிறது, அதற்கான செலவை யார் தலையில் சுமத்துகிறது என்பவற்றை ஆராயும் துறை சமூகக் கொள்கை எனப்படுகிறது. இதே கேள்விகளை இரண்டு அல்லது மேற்பட்ட நாடுகளை, மாநிலங்களை முன்வைத்து எழுப்பி, அவற்றுக்கிடையே வேறுபாடு ஏன் தோன்றியது என்று விளக்க முயல்வது ஒப்பீட்டுச் சமூகக் கொள்கை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்திலோ காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்திலோ முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்து, மதுரை மாவட்டத்து அலங்காநல்லூர் வட்டாரத்தைக் களமாகக் கொள்ளும் ஆய்வாளர் ஒருவருக்கு, நெறியாளரின் வழிகாட்டலும் நூலகமும் தரும் அறிவுக்கு மேல், ஒப்பிடும் முறையைச் சில வாரங்கள் பலருடன் அமர்ந்து பழகும் கோடைக்காலப் படிப்பு பெரிதும் பயன்படும்.

இத்துறையின் பாடநூல்கள் பெரும்பாலும் ஐரோப்பாவில் தொடங்குகின்றன. ஜெர்மனியில் பிஸ்மார்க் 1883 முதல் 1889 வரை நோய், விபத்து, முதுமை ஆகியவற்றுக்குக் கொண்டுவந்த காப்பீட்டுச் சட்டங்கள், உதவியைக் கூலி வேலையோடும் அதற்காகச் செலுத்தப்படும் சந்தாவோடும் பிணைத்தன. பிரிட்டனில் 1942-இல் வெளியான பெவரிட்ஜ் அறிக்கை குடிமக்கள் அனைவரையும் தழுவும் பாதுகாப்பை முன்மொழிந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த சமூகவியலாளர் எஸ்பிங்-ஆண்டர்சன் 1990-இல் எழுதிய நூலில், வளர்ந்த நாடுகள் பதினெட்டை ஆராய்ந்து, சந்தையை நம்பும் அமெரிக்கா போன்றவை, தொழில்வாரிக் காப்பீட்டை நம்பும் ஜெர்மனி போன்றவை, அனைவருக்குமான உரிமையை நம்பும் சுவீடன் போன்றவை என மூன்று வகைகளாகப் பிரித்தார். ஒரு மனிதர் தம் உழைப்பைச் சந்தையில் விற்காமலும் எந்த அளவுக்கு மானத்தோடு வாழ முடிகிறது என்பதே அவர் கையாண்ட முக்கிய அளவுகோல்.

இந்த அளவுகோலை அலங்காநல்லூருக்குக் கொண்டுவந்தால் அதன் பயனும் போதாமையும் ஒருசேரத் தெரிகின்றன. இங்குள்ள தேசிய கூட்டுறவு சர்க்கரை ஆலையின் நிரந்தரத் தொழிலாளிக்கு வருங்கால வைப்புநிதியும் பணிக்கொடையும் சட்டப்படி உண்டு. அதே ஆலைக்குக் கரும்பு வெட்டி, டன் கணக்கில் வெட்டுக்கூலி வாங்கிய தொழிலாளிக்கோ அவை இல்லை. அவருடைய குடும்பத்தைத் தாங்குபவை ரேஷன் அரிசியும், அரசின் ஊரக வேலைத் திட்டமும், தள்ளாத வயதில் கிடைக்கும் முதியோர் உதவித்தொகையுமே. கரும்பு வரத்துக் குறைந்து ஆலையின் அரவை நின்றபோது இவ்விருவருக்கும் நேர்ந்த இழப்பு ஒன்றல்ல. கூலி வேலை முறைப்படுத்தப்பட்ட நாடுகளை மனத்தில் கொண்டு வகுத்த மூன்று வகைகளில் எதற்குள்ளும் இந்த ஊர் முழுமையாக அடங்குவதில்லை என்பதை எடுத்துக்காட்ட ஓர் ஆய்வாளரால் முடிந்தால், அதுவே துறைக்கு அவர் அளிக்கும் பங்களிப்பாகும்.

ஒப்பீட்டுக்கு இன்னும் வளமான பொருள் பள்ளி உணவு. 1956-இல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம், அரசுத் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் ஆணையிட்டபோது, தமிழ்நாட்டுக்கு அதில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு அனுபவம் இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரை நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளியில் காலை உணவுத் திட்டம் தொடங்கப்பெற்று, உப்புமா, கிச்சடி, பொங்கல் என நாளுக்கொரு சிற்றுண்டியாக, முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகளுக்கும், மறு ஆண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் சென்றது.

இனி முறை பற்றிய கேள்வி எழுகிறது. ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843-இல் விளக்கிய வேறுபாட்டு முறைப்படி, பெரும்பாலும் ஒத்திருந்து விளைவில் மட்டும் மாறுபடும் இரண்டு இடங்களை எடுத்துக்கொண்டு, அந்த மாறுபாட்டுக்கு உரிய காரணத்தைத் தேட வேண்டும். ஒரே மத்திய சட்டத்தின்கீழ் இயங்கும் இரு மாநிலங்களின் பள்ளிச் சமையற்கூடங்கள் இதற்கு ஏற்றவை; ஒன்றில் அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என நிலையான பணியிடங்கள் இருப்பதும், மற்றொன்றில் அவை இல்லாதிருப்பதும் குழந்தையின் தட்டில் என்ன வேறுபாட்டை ஏற்படுத்துகின்றன என்று கேட்கலாம். கடல் கடந்து போனால், பிரேசிலின் 2009-ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி உணவுக்கான மத்திய நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டைக் குடும்ப விவசாயிகளிடம் கொள்முதல் செய்யச் செலவிட வேண்டும் என விதித்தது. பெரியாறு பாசனத்தில் நெல்லும் காய்கறியும் விளையும் அலங்காநல்லூரிலோ, பள்ளிக்கு அரிசியும் பருப்பும் நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் கிடங்கிலிருந்தே வருகின்றன. எது சிறந்தது என்று உடனே தீர்ப்புச் சொல்லாமல், எந்த ஏற்பாடு யாருக்குப் பாதுகாப்பும் யாருக்குச் சுமையும் தருகிறது என்று பிரித்துக் காண்பதே ஒப்பீட்டின் பயிற்சி.

இத்தகைய பயிற்சியை அளிக்கும் கோடைப் பள்ளிகள் பல உள்ளன. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1963 முதலும், இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1968 முதலும் சமூக அறிவியல் ஆய்வு முறைகளுக்கான கோடைப் பள்ளிகள் நடந்து வருகின்றன. ஆனால் ஐரோப்பியக் கோடையான ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்கள் நம் ஊரில் கல்லூரிகள் திறந்து வகுப்புகள் சூடுபிடிக்கும் காலமாதலால், விரிவுரையாளராகவும் இருக்கும் ஆய்வாளர் முன்கூட்டியே விடுப்புக்கும் விசாவுக்கும் ஏற்பாடு செய்ய வேண்டியிருக்கிறது. பயிற்சிக் கட்டணத்தோடு விமானச் செலவும் தங்கும் செலவும் சேர்வதால், கட்டணச் சலுகையையும் பயண நல்கையையும் சேர்த்தே தேடுவது நல்லது. அது கைகூடாதவருக்கு, 1969-இல் நிறுவப்பெற்ற இந்தியச் சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழுவின் ஆதரவில் பல்கலைக்கழகங்கள் நடத்தும் ஆய்வு நெறிமுறைப் பயிலரங்குகள் உண்டு; சென்னை அடையாற்றில் 1971 முதல் இயங்கும் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் நூலகமும் கருத்தரங்குகளும் உண்டு. எங்கு விண்ணப்பித்தாலும், தம் ஆய்வுக் கேள்வி, ஒப்பிடும் இரு இடங்கள், கையிலுள்ள தரவு, அங்குக் கற்க விரும்பும் முறை ஆகிய நான்கையும் ஒரே பக்கத்தில் தெளிவாக எழுதத் தெரிந்திருப்பது தேர்வுக்குப் பெருந்துணை.

வெளியே சென்று கற்பது தேவை என்றாலும் அது மட்டும் போதாது. உணவுப் பங்கீட்டை ஏறத்தாழ எல்லாக் குடும்பங்களுக்கும் திறந்து வைத்திருக்கும் தமிழ்நாடும், பொது மருத்துவத்தில் முன்னோடியான கேரளமும், 1940-களிலேயே இலவசக் கல்வியைத் தொடங்கிய இலங்கையும் ஒன்றுக்கொன்று அருகிலேயே இருக்கின்றன. இம்மூன்று இடங்களின் ஆய்வு மாணவர்களும் மே மாத விடுமுறையில் மதுரையில் கூடி, தங்கள் தரவுகளைத் தமிழிலும் மலையாளத்திலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் அருகருகே வைத்து விவாதிக்கும் ஒரு கோடைப் பள்ளியை இங்குள்ள பல்கலைக்கழகங்கள் நடத்த முன்வர வேண்டும். அப்போதுதான் பணமும் விசாவும் கிடைத்தவர்களோடு நின்றுவிடாமல், கரும்பு வெட்டிய குடும்பத்திலிருந்து முதன்முதலாக ஆய்வுக்கு வரும் மாணவரின் கைக்கும் இந்த அறிவு எட்டும்.