அரிசியும் அனுமானமும்

மனிதன் தவறான தீர்மானங்களுக்கு வருவது பெரும்பாலும் அறியாமையால் அன்று. ஐயத்துக்கு இடமின்றித் தான் அறிந்துவிட்டதாகக் கொள்ளும் உறுதியாலேயே என்பதற்கு, பெரிபெரி என்னும் வியாதியின் காரணத்தைத் தேடிப் பெரிய வைத்தியர்கள் பல வருஷ காலம் தடுமாறிய சரித்திரம் தக்க சான்றாகும்.

கால்கள் மரத்து வீங்கி, நடை தளர்ந்து, முடிவில் இருதயம் ஓய்ந்து உயிரைக் கொண்டுபோகும் இவ்வியாதி, 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆசியாவின் பட்டாளங்களிலும் சிறைகளிலும் கப்பல்களிலும் பெருவாரியாகப் பரவியிருந்தது. கிருமி சித்தாந்தம் வெற்றிமேல் வெற்றி கண்ட காலம் அது. க்ஷயரோகத்தின் கிருமியை ராபர்ட் கோக் 1882-இல் வெளிப்படுத்தியிருந்தார். ஆகவே, 1886-இல் டச்சு சர்க்கார் ஜாவாவுக்கு அனுப்பிய நிபுணர்கள், பெரிபெரிக்குக் காரணம் எந்தக் கிருமி என்று தேடினார்களேயன்றி, கிருமிதானா என்று கேட்டார்களில்லை.

அவர்களுக்குப் பின் அங்கே ஆராய்ச்சியைத் தொடர்ந்த ஐக்மன் என்னும் டாக்டர், இன்று ஜகார்த்தா எனப்படும் பட்டேவியாவில், கோழிகளுக்கு நோயாளிகளின் ரத்தத்தை ஏற்றிப் பார்த்தார். ஏற்றிய கோழிகளும் கால் தள்ளாடின. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஏற்றாமல் விட்ட கோழிகளும் தள்ளாடின. ரத்தத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமில்லை என்று காட்டியிருக்க வேண்டிய இந்நிகழ்ச்சியே, நோய் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றிவிட்டது என்ற எண்ணத்துக்கு இடம் தந்தது. பிறகு ஒரு நாள் தொடங்கி, சிகிச்சை ஏதுமின்றியே கோழிகள் தேறலாயின. விசாரித்ததில், அதுகாறும் அவை பட்டாள ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய தீட்டிய அரிசிச் சோற்றைத் தின்று வந்தன என்பதும், புதிதாக வந்த சமையற்காரன், 'பட்டாளத்துச் சோறு சிவில் கோழிகளுக்கு இல்லை' என்று மறுத்துவிட்டதால் தீட்டாத அரிசிக்கு மாற்றப்பட்டன என்பதும் வெளியாயின. மகா நிபுணர்களின் கண்ணுக்குத் தப்பியதை, இவ்வாறு ஒரு சமையற்காரனின் கண்டிப்பு தற்செயலாக வெளிப்படுத்திற்று.

எனினும் பழைய எண்ணம் முற்றும் அகலவில்லை. சோற்றின் மாவுச்சத்தில் ஒரு விஷம் உண்டாகிறது, தவிட்டில் அதற்கு மாற்று இருக்கிறது என்றே ஐக்மன் கருதினார். நோய் என்றால் கேடான ஏதோ ஒன்று உடலில் புகுந்திருக்க வேண்டும் என்று பழகிய புத்திக்கு, வேண்டிய ஒன்று இல்லாமையாலும் நோய் வரும் என்பது எளிதில் புலப்படவில்லை. அவருக்குப் பின் வந்த கிரைன்ஸ் 1901-இல் அதை எடுத்துரைத்தார். அந்த இன்றியமையாப் பொருளே இன்று நாம் தையமின் என்றும் வைட்டமின் பி1 என்றும் வழங்குவது.

ஜப்பானில் இத்தகைய பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை பெரிது. கடற்படை வைத்தியரான டகாகி, 1884-இல் ஒரு கப்பலின் உணவை மாற்றி, முன்பு வேறொரு கப்பலில் 376 பேரில் 169 பேர் நோயுற்று 25 பேர் மாண்ட அதே கடல் மார்க்கத்தில், ஒருவரும் சாகாமல் திரும்பச் செய்தார். புரதக் குறைவே நோய்க்குக் காரணம் என்று அவர் கொண்டது பிழை. ஆனால் பலன் பிரத்தியட்சம். ஜெர்மனியில் பயின்ற தரைப்படை வைத்தியர்களோ, நாவலாசிரியராகவும் புகழ்பெற்ற மோரி ஓகாய் உட்பட, காரணம் தவறு என்று கண்டு பலனையும் தள்ளிவிட்டார்கள். 1904-05 ருஷ்ய யுத்தத்தில் தரைப்படை வீரர்கள் ஏறத்தாழ 27,000 பேர் பெரிபெரியால் மாண்டனர்.

மலேயாவில், சயாம் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர்களை வாட்டிய இந்நோய், புழுங்கல் அரிசி உண்ட தமிழர்களிடம் அரிதாக இருந்ததை டாக்டர் பிராடன் கவனித்தார். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அதில் பெரும்பகுதி நிலைத்துவிடுகிறது. அவரும் பச்சரிசியில் விஷம் இருப்பதாகவே முடிவு செய்தார் என்பது, கண் சரியாகக் கண்டபோதும் கருத்து பழைய தடத்திலேயே ஓடும் என்பதைக் காட்டுகிறது.

இவர்களுள் நாம் பின்பற்றத் தக்கவர் ஜாவாவின் சுகாதார இன்ஸ்பெக்டர் வோர்டர்மன் என்பேன். அவர் 101 சிறைகளில் அரிசியை மட்டும் விசாரித்து நின்றுவிடாமல், காற்றோட்டம், கட்டடத்தின் பழமை, இட நெருக்கடி ஆகிய மாற்றுக் காரணங்களையும் கணக்கெடுத்தார். அவற்றில் ஒன்றும் நோயோடு ஒத்துவரவில்லை. தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் 39 பேருக்கு ஒருவரும், தீட்டாதது வழங்கிய சிறைகளில் 10,000 பேருக்கு ஒருவரும் நோயுற்றிருந்தனர்.

அனுமானமே கூடாது என்பதல்ல. அஃதின்றி ஆராய்ச்சியே தொடங்காது. ஆனால் எதிரான ஒவ்வொரு சான்றையும் தனக்குச் சாதகமாக்கிக்கொள்ளும் அனுமானம் ஆராய்ச்சிக்குப் பகை. பிள்ளையின் படிப்பாயினும், வியாபாரமாயினும், சிகிச்சையாயினும், ஒரு தீர்மானத்துக்கு வருமுன், 'இன்னது நேர்ந்தால் இக்கருத்தைக் கைவிடுவேன்' என்று முன்கூட்டியே குறித்து வையுங்கள். அவ்வாறு குறிக்க ஒன்றும் தோன்றாவிடில், உங்களிடம் இருப்பது அபிப்பிராயமன்று, பிடிவாதமே என்று அறிந்துகொள்ளுங்கள்.